எடப்பாடி வண்டி எங்கே

ராய்ப்பூர் பக்கம் போர் போடும் ரிக் வண்டியோடு ஊர் ஊராக அலைந்துகொண்டிருக்கும் என் மகனுக்கு அப்பா எழுதுவது.

நீ போட்ட இன்லேண்ட் கடிதம் முந்தாநாள் வந்தது. கல்யாணத்துக்கு எட்டு நாள் முன்னால் வந்துவிடுவேன் என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். கடைசியில், இடம் இல்லாமல் ஓரத்தில் நுணுக்கி, 'பந்தலில் மைக்கை நீங்களே பிடியுங்கள் அப்பா, மாமாவுக்கும் அதுதான் ஆசை' என்று ஒரு வரி சேர்த்திருந்தாய். அந்த ஒரு வரிக்குப் பதில் எழுதத்தான் இத்தனை தாளும். நான் லாரி புக்கிங் ஆபீசில் முப்பது வருடம் ரசீது எழுதியவன். சரக்கு, ஊர், வண்டி நம்பர், இவ்வளவுதான் என் எழுத்து. அதனால் முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள். உன் தாய்மாமன் நாச்சிமுத்துவுக்குக் கால் போன கதை உனக்குத் தெரியும், ஊருக்கே தெரிந்த கதை. அதில் பாதி பொய். அந்தப் பாதியை இத்தனை வருடம் காப்பாற்றி வந்தது நான்தான். இதைப் படித்து முடித்த பிறகும் நான் உன் பந்தலில் மைக் பிடித்துச் சீர் கொண்டுவருகிறவர்களின் பேரைக் கூப்பிடலாமா என்று நீ சொல்ல வேண்டும். வேண்டாம் என்றால் ஒரு கார்டு போடு, போதும். கோபித்துக்கொள்ள மாட்டேன். கோபம் வருவதற்கும் உள்ளே ஏதாவது ஈரம் இருக்க வேண்டும் அல்லவா, அது எனக்கு வற்றிப்போய் ரொம்ப நாளாகிறது.

மைக் என்னைத் தேடி வந்ததே இந்தத் தொண்டையால்தான். ஆபீசில் டிரைவர்களைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பழகிய தொண்டை. ஒருநாள் பந்தயக் கமிட்டிக்காரர் ஒருவர் மஞ்சள் மூட்டை அனுப்ப வந்தவர், நான் கத்துவதைக் கேட்டு, "ஏனுங்க, மைக்கு இல்லாமயே உங்க கொரலு புதுச்சத்திரத்துக்குக் கேக்கும் போல இருக்குதே. மைக்கக் குடுத்தா என்னாவும்?" என்றார். விளையாட்டாகச் சொன்னதை அந்த ஆடி மாதப் பந்தயத்திலேயே நிஜமாக்கிவிட்டார். அப்போது நீ கைக்குழந்தை. உன் அம்மா, "ஊட்டுல கத்தறது பத்தாதுன்னு ரோட்டுல போயி வேறயா" என்று சிரித்தாள். முதல் வருடம் உளறினேன். இரண்டாம் வருடம் பரவாயில்லை. மூன்றாம் வருடத்திலிருந்து, குதிரை வண்டிப் பந்தயம் எங்கே நடந்தாலும் என்னைக் கூப்பிட ஆரம்பித்தார்கள்.

அந்த வேலை எப்படிப்பட்டது என்று உனக்குச் சொன்னதே இல்லை. நேர் ரோடு. கோட்டிலிருந்து மூன்று மைல் போய், அங்கே நட்டிருக்கும் கொடிக்கம்பத்தைச் சுற்றித் திரும்பி அதே கோட்டுக்கு வர வேண்டும். சனம் முழுக்கக் கோட்டுப் பக்கம்தான் நிற்கும். நான் ஒரு லாரியின் கேபின் மேல் ஏறி நிற்பேன். மைக்செட்காரர் ரோட்டோரப் புளியமரங்களில் அரை மைலுக்கு ஸ்பீக்கர் குழாய் கட்டியிருப்பார். வண்டிகள் கிளம்பிக் கண்ணை விட்டு மறைந்த பிறகு அங்கே என்ன நடக்கிறது என்று எவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆனால் வாயை மூடினால் சனம் பொறுமை கெட்டு ரோட்டில் இறங்கிவிடும். அதனால் தெரியாத நேரத்தில் தெரிந்ததைப் பேச வேண்டும். ராசிபுரத்து நெய், எடப்பாடித் துண்டு, அந்த வருட மழை என்று இழுப்பேன். பேசிக்கொண்டே கண்ணைப் புழுதியில் வைத்திருக்க வேண்டும். புழுதி ஒரே கும்பலாக வந்தால் வண்டிகள் நெருக்கம், கிழிந்து வந்தால் ஒருவன் பிரிந்துவிட்டான். குதிரையின் நிறத்தை நம்பினால் மோசம் போவாய், புழுதியில் வெள்ளையும் செவலையும் ஒன்றுதான். ஓட்டுகிறவர் தலையில் கட்டிய உருமாலைப் பார்க்க வேண்டும், ஒவ்வொரு ஊருக்கும் ஒரு நிறம். தூரத்தில் வரும்போது வாக்கியம் நீளமாக இருக்கலாம், கிட்டே வர வரக் குறைய வேண்டும், கடைசி நூறு கஜத்தில் ஊர்ப் பேரைத் தவிர வேறு பேச்சே கூடாது. இதெல்லாம் யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. அடிபட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

அடி என்றால் ஒன்று சொல்கிறேன், சிரித்துக்கொள். ஒரு தடவை வாய் கண்ணை முந்திவிட்டது. ராசிபுரம் வண்டி ஜெயித்தது என்று நான் அறிவித்து, அந்த ஆளுக்கு மாலையும் போட்டாகிவிட்டது. கோட்டில் நின்ற பெரியவர்கள் வந்து, ஜெயித்தது கொண்டப்பநாயக்கன்பட்டி வண்டி என்றார்கள். போட்ட மாலையைக் கழற்றி அடுத்தவர் கழுத்தில் போட்டார்கள். ராசிபுரத்துக்காரர் அப்புறம் இரண்டு வருடம் எங்கள் ஆபீஸ் இருக்கும் தெரு வழியாகவே போகவில்லை. இன்னொரு அடி உன் மாமனால் வந்தது. நாச்சிமுத்து அப்போது எடப்பாடியிலிருந்து சேலத்துக்கு நூல் கட்டு ஏற்றிவரும் குதிரை வண்டி வைத்திருந்தார். அதே செவலைக் குதிரையைப் பந்தய வண்டியில் பூட்டிக்கொண்டு வருவார். தலையில் மஞ்சள் உருமால். அவர் நன்றாக ஓட்டுவார், எனக்கும் என் மச்சினன் என்ற பெருமை. ஒரு வருடம் நாக்கு தடம் மாறி, 'நம்ம நாச்சிமுத்து வாராரு பாருங்க' என்று இரண்டு மூன்று தடவை சொல்லிவிட்டேன். மச்சினனுக்காக மைக்கில் பேசுகிறான் என்று சண்டை வந்து, யாரோ மைக் ஒயரையே அறுத்துவிட்டார்கள். அடுத்த வருடம் ஏறுவதற்கு முன் கமிட்டிக்காரர் என்னை ஓரமாகக் கூட்டிப்போய், "உங்க மாப்பிள்ளை பேர மட்டும் சொல்லீராதீங்க. ஊரு பேரச் சொல்லுங்க, அதையும் மத்தவிகளுக்கு மூணு தடவைன்னா அவருக்கு ஒருதடவ" என்றார். நியாயம்தான் என்று பட்டது. வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று நாக்கைப் பழக்கினேன். நாலு ஊர்ப் பேரைச் சொல்லிவரும்போது ஒன்றைத் தாண்டிப் போகப் பழக்கினேன்.

மாமனுக்குக் கால் போன வருடம் நீ இரண்டாம் வகுப்பு. காய்ச்சல் என்று உன்னைக் கூட்டிவரவில்லை, அம்மாவும் வரவில்லை. கடைசி ஓட்டத்தில் நாலு வண்டி. புதுச்சத்திரம் வெள்ளை உருமால், கொண்டப்பநாயக்கன்பட்டி சிவப்பு, ராசிபுரம் நீலம், எடப்பாடி மஞ்சள். போய்த் திரும்பி வந்தார்கள். புழுதி முதலில் ஒரே கும்பலாக வந்தது, பிறகு நீலம் பின்தங்கியது. கோட்டுக்கு இரண்டு பர்லாங் இருக்கும்போது ரோட்டுக்குக் கீழே ஒரு வாய்க்கால் மதகு, இரண்டு பக்கமும் வேலிக்காத்தான் புதர். அங்கே ஆள் யாரும் நிற்பதில்லை. மஞ்சள் உருமால் அந்த இடத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்ததைப் பார்த்தேன். அப்புறம் அது இல்லை. ஒடிந்த ஏர்க்காலோடு செவலைக் குதிரை மட்டும் சோளக்காட்டுக்குள் போயிற்று. இதைப் பார்க்கக்கூடிய உயரத்தில் இருந்த ஒரே ஆள் நான்.

இனி சொல்லப்போவதுதான் நான் யாரிடமும் சொல்லாதது. நான் பார்த்தேன், பார்த்தது மூளைக்கும் போயிற்று, 'விழுந்துட்டாரு' என்று உள்ளே ஒரு சொல் வந்தது. அதே நேரத்தில் வெள்ளையும் சிவப்பும் சேர்ந்து வந்தன. மூக்குக்கு மூக்கு, சக்கரத்துக்குச் சக்கரம். அப்படி ஒரு ஓட்டத்தை நான் அதற்கு முன்னாலும் பார்த்ததில்லை, பின்னாலும் பார்க்கவில்லை. என் வாயிலிருந்து புதுச்சத்திரம், கொண்டப்பநாயக்கன்பட்டி, புதுச்சத்திரம், கொண்டப்பநாயக்கன்பட்டி என்று மாறி மாறி வந்தது, குளம்புச் சத்தத்தோடு சேர்ந்து வந்தது. மூன்றாவது பேரைத் தாண்டிப்போக நாக்கு ஏற்கெனவே பழகியிருந்ததால் அதற்குச் சிரமமே இல்லை. சனம் கத்தியது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. உனக்கு மறைப்பானேன், என் வாழ்நாளில் நான் மிக நன்றாகப் பேசியது அன்றைக்குத்தான். புதுச்சத்திரம் ஜெயித்தது. அதை மூன்று தடவை அறிவித்தேன். மாலையைக் கொண்டுவரச் சொன்னேன். ஜெயித்தவருடைய குதிரையைப் பற்றி வேடிக்கையாக இரண்டு வார்த்தை பேசினேன். ஆடு மேய்க்கும் அம்மாள் ஒருவர் வெகுநேரம் கழித்து வந்து லாரிக் கதவைத் தட்டி, "மதகுக்குள்ள ஒரு ஆளு கெடக்குதுங்க, அனத்துது" என்று சொன்னபோதுதான் எனக்கு என் மச்சினன் ஞாபகம் வந்தது. நடுவில் எவ்வளவு நேரம் போயிற்று என்று அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது. சேலம் ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டது மட்டும் தெரியும், "ஏன் இவ்வளவு லேட்டாக் கொண்டுவந்தீங்க?"

முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் கமிட்டிக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க மட்டும் வாய் தவறி ஒரு வார்த்த சொல்லியிருந்தீங்கன்னா சனம் பூராம் ரோட்டுல எறங்கியிருக்குமுங்க. வண்டி மூணும் அவிய மேல ஏறியிருக்கும். சொந்த மச்சினன் உளுந்து கெடக்கறதப் பாத்துட்டும் நெஞ்சக் கல்லாக்கிட்டுப் பேசுனீங்களே" என்று அழுதார். கதை அங்கே பிறந்தது. நான் பெற்றெடுக்கவில்லை, ஆனால் மறுக்கவும் இல்லை. முதல்நாள் மறுக்கவில்லை, இரண்டாம் நாள் மறுக்க முடியவில்லை, ஒரு மாதத்தில் அது உண்மை மாதிரியே ஆகிவிட்டது. பின்னால் வந்த ராசிபுரத்து நீல உருமால்காரர் ஒருநாள் ஆபீசுக்கு வந்து தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: "மதகுகிட்ட வண்டி கவுந்து கெடந்ததப் பாத்தனுங்க. நிறுத்தலாம்னு நெனச்சன். மைக்குல நீங்க ஒண்ணுமே சொல்லலீங்களா, செரி, பெருசா ஒண்ணுமில்லையாட்டம் இருக்குதுன்னு வந்துட்டன்." அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன். அடுத்த ஆடியில் எனக்குச் சரிகைத் துண்டு போர்த்தினார்கள். போர்த்திக்கொண்டேன். உன் அம்மா அதைப் பெட்டியில் மடித்து வைத்து, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் எடுத்துக் காட்டினாள். அதைத்தான் நீயும் பார்த்து வளர்ந்தாய்.

துண்டு போர்த்திய அந்த வருடமும் நான்தான் மைக்கில் பேசினேன். பேசிக்கொண்டிருக்கும்போதே அந்த மதகுப் பக்கம் பார்த்தேன். பயம் வரும், அழுகை வரும், தொண்டை அடைக்கும் என்று எதிர்பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னத்தை விரலால் தொட்டுப் பார்க்கிற மாதிரி என்னை நானே தொட்டுப் பார்த்துக்கொண்டு, ஓட்டத்தை முடித்துவிட்டு இறங்கிவிட்டேன். தொண்டை கெட்டுவிட்டது என்று சொல்லி அதோடு நிறுத்திக்கொண்டேன். தொண்டைக்கு ஒரு கேடும் இல்லை. அன்றைக்கு மரத்துப்போனது இன்னும் தெளியவில்லை. உன் தாத்தா செத்தபோது காரியங்களை எல்லாம் நான் பதறாமல் செய்தேன் என்று மெச்சினார்கள். நீ ரிக்கில் சேர்ந்து முதல் தடவை வடக்கே கிளம்பியபோது பஸ் ஸ்டாண்டில் அம்மா அழுதாள், நான் உன் பெட்டியை மேலே ஏற்றுவதில் மும்முரமாக இருந்தேன். நீ ஜன்னல் வழியாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். எனக்கு அழத் தோன்றவில்லை, சாமி. அழக் கூடாது என்று அடக்கிக்கொண்டேன் என நீ நினைத்திருந்தால், அதையும் சேர்த்து மாற்றிக்கொள்.

போன வாரம் நானும் அம்மாவும் தட்டு எடுத்துக்கொண்டு எடப்பாடிக்கு உன் மாமனை அழைக்கப் போனோம். அவர் விசைத்தறிக் கூடத்தில் ராட்டை முன்னால் உட்கார்ந்து நூலைத் தார்க்குச்சியில் சுற்றிக்கொண்டிருந்தார். கால் போன பிறகு அந்த வேலைதானே. தட்டை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். தங்கை மகனுக்குச் செய்யவேண்டிய சீரைப் பற்றி, உன் தலையில் கட்டும் உருமாலுக்குப் பட்டு எடுத்தது பற்றி... தங்கை என்றா எழுதிவிட்டேன், அம்மா அவருக்கு அக்கா அல்லவா, பார், கை எங்கேயோ போகிறது. அம்மா உள்ளே பெண்களோடு பேசப் போனதும் அவர், "மச்சான், கண்ணாலத்தன்னிக்கு நீங்கதான் மைக்குப் புடிக்கோணும்" என்றார். தொண்டை சரியில்லை என்றேன். "பொய் சொல்லாதீங்க" என்று சிரித்தார். எனக்கு என்ன ஆயிற்றோ, நின்றபடியே சொல்லிவிட்டேன்.

"அன்னிக்கு நான் சனத்துக்காகப் பேசலீங்க மாப்பிள்ளை. நீங்க உளுந்ததப் பாத்தன். பாத்துட்டு, மறந்துட்டனுங்க."

அவர் ராட்டையை நிறுத்தவில்லை. கையிலிருந்த தார் நிறைந்ததும் எடுத்துக் கூடையில் போட்டார்.

"தெரியுமுங்க" என்றார்.

"எப்படீங்க?"

"தலைக்கு நேர் மேல புளியமரத்துல கொழாயி கட்டியிருந்துதுங்களே. மைக்கு நல்லாக் கேட்டுது. சனத்தப் புடிச்சு நிறுத்தறவன் கொரலு அப்பிடி இருக்காதுங்க மச்சான். நீங்க குசாலா இருந்தீங்க." அடுத்த தாரை எடுத்து மாட்டினார். "நானும் ஆரு செயிக்கறாங்கன்னுதான் கேட்டுக்கிட்டுக் கெடந்தன். ஓட்டம் முடிஞ்ச பொறவுதான் காலு நோவே தெரிஞ்சுது. செரி, இப்பச் சொல்லுவாரு, 'எடப்பாடி வண்டி எங்கே'ன்னு ஒருக்காக் கேப்பாருன்னு பாத்தன். மாலை கொண்டாரச் சொன்னீங்க. குதிரையப் பத்திப் பேசுனீங்க. எடப்பாடின்னு வரவே இல்லீங்க."

"இத்தன வருசமா ஏனுங்க ஆருகிட்டயும் சொல்லல?"

"சொன்னா அக்கா உங்க மூஞ்சில முழிச்சிருக்குமா? பையன் ரெண்டாவது படிச்சுக்கிட்டிருந்தான்."

மன்னித்துவிட்டேன் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. காப்பி வந்தது. சர்க்கரை தூக்கலாக இருந்தது என்று கவனித்தேன், அந்த நேரத்தில் அதைத்தான் என்னால் கவனிக்க முடிந்தது. கிளம்பும்போது வாசல் வரை கட்டையை ஊன்றிக்கொண்டு வந்தார். "மைக்குப் புடிங்க மச்சான். சீர்த்தட்டோட நான் வாரப்ப என்ற பேரச் சொல்லிக் கூப்புடுங்க. எனக்கு அது போதும்" என்றார். சரி என்று தலையாட்டினேன். பஸ்ஸில் ஏறிய பிறகு, இதை உன்னைக் கேட்காமல் ஒப்புக்கொள்ள எனக்கு உரிமை இல்லை என்று தோன்றியது.

அம்மாவிடம் நேற்றுச் சொல்லிவிட்டேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு முழுவதையும் கேட்டாள். எழுந்து போய்ப் பெட்டியைத் திறந்து அந்தச் சரிகைத் துண்டை எடுத்து வந்து, சமையல்கட்டு வாசலில் கால் துடைக்கப் போட்டாள். இன்று காலையில் சாப்பாடு போட்டாள், பேச்சு இல்லை. நான் அந்தத் துண்டை மிதிக்காமல் தாண்டித் தாண்டிப் போய்வருகிறேன். மிதித்துவிட்டால் நல்லதோ என்னவோ.

புத்திமதி சொல்ல எனக்குத் தகுதி இல்லை, இருந்தாலும் அப்பன் ஆயிற்றே. போர் போட்டுத் தண்ணீர் பீச்சி அடிக்கும்போது எல்லாரும் தண்ணீரைத்தான் பார்ப்பார்கள், காட்டுக்காரர் கும்பிடுவார், நீயும் மேலே பார்த்துச் சிரிப்பாய். அந்த நேரத்தில் குழாயைப் பிடித்துக்கொண்டு கீழே நிற்கிறவன் கையைப் பார். வேலை மிக நன்றாக நடக்கிறபோதுதான் ஆளை மறப்போம், மோசமாக நடக்கிறபோது எல்லாரையும் பார்த்துக்கொண்டுதான் இருப்போம். வீட்டிலும் அப்படித்தான். வருகிற பெண் கலகலவென்று பேசினால் கவலை இல்லை. ஒரு விசேஷத்தில், நீ நாலு பேர் நடுவில் நன்றாகப் பேசிக்கொண்டிருக்கிற நேரத்தில், அவள் குரல் கேட்டு எவ்வளவு நேரமாயிற்று என்று ஒருதரம் யோசித்துப் பார். என்னைப் போல நியாயம் பார்க்கிறேன் என்று சொந்த மனிதரின் பேரை விட்டுவிட்டுப் பேசப் பழகாதே. அந்தப் பழக்கம் வந்துவிட்டால் நாக்கு அதை லேசில் விடாது.

நீ சரி என்று எழுதினால் மைக் பிடிக்கிறேன். மாமன் யார் தோளையும் பிடிக்காமல் தானே நடந்துதான் வருவேன் என்கிறார், தட்டை மட்டும் பிள்ளைகள் தூக்கி வருவார்களாம். பந்தல் வாசலிலிருந்து மணமேடைக்கு அவருக்கு நேரமாகும். அதற்குள் மற்ற சொந்தபந்தம் தட்டோடு அவரைத் தாண்டி முன்னால் வந்துவிடும். முன்னால் வருகிறவரைச் சொல்லித்தான் எனக்குப் பழக்கம். 'எடப்பாடி நாச்சிமுத்து' என்று இந்த நாலு நாளாக ஆள் இல்லாத நேரத்தில் சொல்லிப் பார்க்கிறேன், குரல் நன்றாகத்தான் வருகிறது, அதுதான் எனக்கு நம்பிக்கை தரவில்லை. நீ மணமேடையில் இருப்பாய், அன்றைக்கு நான் நின்ற மாதிரி உயரத்தில். வாசலை நீ பார்த்துக்கொள். அவர் பாதி தூரம் வந்தும் நான் அவர் பேரைச் சொல்லாமல் வேறு பேர்களைச் சொல்லிக்கொண்டு, என் குரலும் ஏறிக்கொண்டே போனால், மாலையும் கழுத்துமாக இருக்கிறோமே, சனம் பார்க்கிறதே என்று கூச்சப்படாதே. இறங்கி வந்து என் கையிலிருந்து மைக்கை வாங்கிவிடு. ஸ்விட்ச் அதன் கழுத்துப் பக்கம் இருக்கும், அதை அணைத்துவிடாதே. அவர் பேரை நீ சொல்லு.

அப்பா